அதுக்கென்ன, ரீச்சர்

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அப்பால் நின்று, "அக்கா, உங்கட பெரிய பானையை ஒருக்காத் தாங்கோவன்" என்று கேட்டாள். அக்கா பாதி வெந்த சோற்றை இரண்டு சின்னச் சட்டிகளில் மாற்றி ஊற்றினார். பானையைக் கழுவித் துடைத்து வேலிக்கு மேலால் கொடுத்தார். அன்று மத்தியானம் ஒரு சட்டிச் சோறு களியாகவும் மற்றச் சட்டிச் சோறு அரிசியாகவும் எங்கள் சாப்பாட்டுக் கோப்பைகளுக்கு வந்தது.

"அடுப்பில இருக்குது எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா?"

"அதுக்கென்ன ரீச்சர். அவையளுக்கு ஆக்கள் வந்திருக்கினம்."

நான் அக்கராயனில் ஒரு வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. முதல் நியமனம் முல்லைத்தீவுக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அக்காவின் வீடு. ஒரே மகள் கல்யாணம் கட்டி நெளுக்குளத்துக்குப் போய்விட்டதால் ஓர் அறை சும்மா கிடந்தது. வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். "அதுக்கென்ன" என்றார். நான் பெட்டியோடு போய் இறங்கிய அன்றே ஆசுபத்திரியில் வேலை செய்யும் ஒரு தாதியும் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவளும் அதே அறையைக் கேட்டிருந்தாள். அவளுக்கும் அதே பதில்தான். அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தங்களுடைய அறைக் கட்டிலை உதறி விரித்து என்னை அங்கே விட்டார். தாதி வேறு இடம் பார்த்துப் போகும்வரை, எட்டு நாள், அவரும் அவருடைய கணவரும் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார்கள்.

அந்த மனிதர் அதற்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒரு ஃபைபர் படகும் பின்னால் பூட்டுகிற எஞ்சினும் வைத்துக் கடலுக்குப் போகிறவர். பேச்சு மிகக் குறைவு. ஒரே ஒரு தடவைதான் பெண்சாதியைப் பற்றி என்னிடம் ஏதும் சொன்னார். "கோயில் கதவையெண்டாலும் இரவில பூட்டுவினம் ரீச்சர். இவாவைப் பூட்ட ஏலாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் குறை இருக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த, நெடிய உடம்பு. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, யாரோ கூப்பிடுவதைக் கேட்டபடி நடப்பதுபோல் இருக்கும். மாதா கோயில் பாடற்குழுவில் இரண்டு பெண்கள் தங்களுக்குள் கோபித்துக்கொண்டு, தனித்தனியாக வந்து தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள். அக்கா இருவருக்கும் "ஓம், நீங்கள் சொல்லுறது சரிதான்" என்றார். அடுத்த ஞாயிறு அந்த இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். சேர்ந்து அக்காவோடு கோபமாகிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் சாப்பிடுவதில்லை. வீட்டு வாசலில் கருவாடு காயும் குடும்பத்தில் அது எவ்வளவு கரைச்சல் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் கேட்டேன். வெள்ளி தவறாமல் எனக்கு மரக்கறிச் சோறு கிடைத்தது. அந்தக் கத்தரிக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் அவர் வெயிலுக்குள் சந்திவரை நடந்து போய் வருகிறார் என்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. கேட்பதும் கிடைப்பதும் எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஒருநாள் எனக்கே கோபம் வந்து, "உங்களுக்கு ஏலாது எண்ட சொல்லே வராதா அக்கா?" என்று கேட்டேன். மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"சண்டைக்கை இடம்பெயர்ந்து போகேக்க மகள் கைக்குழந்தை. ஒரு வீட்டுப் படலையில நிண்டு தண்ணி கேட்டனான். இல்லை எண்டவை. அவையளிலயும் பிழையில்லை ரீச்சர், கிணறு வத்திப்போச்சுது. ஆனா அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி நடக்கிற நடை இருக்கே..."

அவ்வளவுதான். அடுத்த மீனை எடுத்தார்.

இரண்டாம் வருடம் ஆவணிப் பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவும் அண்ணாவும் அண்ணாவின் ஆறு வயது மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். அண்ணி பிள்ளைத்தாய்ச்சி என்பதால் வரவில்லை. எங்கள் ஆட்கள் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா நண்டுக் குழம்பும் மீன் பொரியலும் வைத்து அவர்களை உண்ண வைத்தே களைக்கச் செய்தார். அண்ணா மனம் நிறைந்து சாப்பிட்டார். சின்னவள் மட்டும் சாப்பாட்டில் நிற்கவில்லை. "மாமி, போட்டில ஏறுவமா?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

முற்றத்தில் அக்கா வெயிலில் பரப்பியிருந்த கருவாட்டை அள்ளிப் பனையோலைக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணிதான் இருக்கும். நல்ல வெயில். எதற்காக அள்ளுகிறார் என்று நான் யோசிக்கவில்லை.

"அக்கா, எங்கட ஆக்களை ஒருக்காப் போட்டில கொண்டுபோய்க் காட்டுவியளே?"

அவர் நிமிர்ந்து மேற்கே, பனைகளுக்கு மேலால் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். "அதுக்கென்ன ரீச்சர். அவரிட்ட ஒருக்காக் கேட்டிட்டு வாறன்" என்று உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் நடந்தார்.

அந்தக் கரையில் பெண்கள் படகில் ஏறுவது வழக்கமில்லை. அக்கா மீன்பிடிகாரன் மகள், மீன்பிடிகாரன் மனைவி. ஆனால் அந்தப் படகில் ஒருநாளும் ஏறியதில்லை. எங்களை வழியனுப்பத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "நீயும் வாவன் பிள்ளை, எனக்குத் துணையாயிருக்கும்" என்றார் அம்மா. அக்கா சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் அண்ணாவின் காதுக்குள், "அம்மா கேட்டதுக்கும் மாட்டன் எண்டு சொல்லத் தெரியேல்லை, பாத்தியளா?" என்று சொல்லிச் சிரித்தேன்.

படகில் இரண்டு லைப் ஜக்கற்தான் இருந்தன. ஒன்றை அம்மாவுக்கும் மற்றதைச் சின்னவளுக்கும் போட்டோம். அது அவளுக்குப் பெரிது. அக்கா ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து அவளுடைய இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

கரைக்கு அண்மையில் கடல் குளம்போல் கிடந்தது. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடித்தால் கரையோரம் அப்படித்தான் அமைதியாகத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது. "அக்கராயன் குளத்தில இதைவிட அலை அடிக்கும்" என்றார் அண்ணா. சின்னவள் கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்தாள். அம்மாகூடச் சிரித்தார். அண்ணை கரையை ஒட்டியே படகை விட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் வெளியால விடுங்கோவன் அண்ணை" என்று அண்ணா கேட்டார். அண்ணை அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு விட்டார்.

திரும்பிப் பார்த்தபோது கரைக்கு மேலே வானம் தார் பூசியதுபோல் இருந்தது.

அண்ணை உடனே படகைத் திருப்பினார். பாதித் தூரம்கூட வந்திருக்க மாட்டோம். முதலில் குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அறைந்தது. அடுத்தது மழை. கரை மறைந்தது, படகின் முன்பக்கம் மறைந்தது, எதிரே இருந்த அம்மாவின் முகமும் சரியாகத் தெரியவில்லை. காற்றை எதிர்த்துப் போன படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி அடித்து விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. பக்கவாட்டாக ஓர் அலை வந்து பின்பக்கம் முழுவதையும் நனைத்தது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

அண்ணை கயிற்றை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். எத்தனை தரம் என்று தெரியாது. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. எஞ்சின் பிடிக்கவில்லை. படகு காற்றோடு சேர்ந்து வெளியே போகத் தொடங்கியது.

"நங்கூரம் போடுறன். எல்லாரும் கீழ இருங்கோ!" என்று கத்திவிட்டு அண்ணை முன்பக்கம் ஊர்ந்து போனார். நங்கூரத்தைத் தூக்கி எறிந்த அதே நேரம் ஒரு அலை படகைத் தூக்கியது. ஓடிய கயிறு அவருடைய வலது கையில் சுற்றிக்கொண்டது. அவர் கத்தவில்லை. "மாதாவே" என்று மட்டும் கேட்டது. அக்கா நாலு காலில் போய்க் கயிற்றை இளக்கி அவரை இழுத்துக்கொண்டு வந்தபோது அந்தக் கையில் இரண்டு விரல்கள் விரல்களாக இல்லை. அக்கா தன் சட்டையின் கீழ்ப்பக்கத்தைக் கிழித்து அதைச் சுற்றினார். நங்கூரம் எங்கும் கொழுவவில்லை. ஆழம் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு செய்வதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. அண்ணா பெரிய உழவு இயந்திரத்தையே தனி ஆளாகச் சேற்றிலிருந்து எடுக்கிறவர். கைபேசியை எடுத்து, "யாருக்கு எடுக்கிறது? நம்பரைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு கடற்றொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவரின் இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினார். நாலாவது இலக்கத்தில் கைபேசி அணைந்துவிட்டது. அண்ணா அந்தக் கறுத்த கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் படகின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. எடுத்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அக்கா மட்டும் வெட்டிய பிளாஸ்ரிக் கான் ஒன்றால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய தோளைப் பிடித்து, "பிள்ளை, எங்கட வற்றாப்பளைக் கண்ணகி அம்மாளை ஒருக்காக் கும்பிடு பிள்ளை, இது அவவின்ர கடல்" என்று கெஞ்சினார். கழுத்தில் செபமாலையோடு இருந்த அக்கா, "அதுக்கென்ன அம்மா" என்று, அள்ளுவதை நிறுத்தாமலே, "அம்மாளே காப்பாத்து, அம்மாளே காப்பாத்து" என்று அம்மாவோடு சேர்ந்து சொன்னார். ஒரு கானுக்கு ஒரு தரம்.

மழை விட்டபோது கரை ஒரு பென்சில் கோடாகத் தெரிந்தது. கோயில் கோபுரத்தைத் தேடினேன். காணவில்லை. காற்று குறைந்திருந்தாலும் அலை குறையவில்லை. சின்னவள் அக்காவின் மடிக்குள் சுருண்டு கிடந்து, நிமிர்ந்து, "நாங்கள் வீட்ட போயிடுவமா?" என்று கேட்டாள்.

நான் அக்காவின் வாயையே பார்த்தேன். அந்த ஒரு சொல்லுக்காக என் உயிர் முழுவதும் காத்துக்கொண்டிருந்தது. அக்கா குழந்தையின் ஈரத் தலையைத் தன் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டார். பதில் சொல்லவில்லை. அப்போதுதான் நாங்கள் சாகப் போகிறோம் என்று எனக்கு உண்மையாகவே உறைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு படகுகள் எங்களைத் தேடி வந்தன. வெறும் வீட்டையும் கரையில் இல்லாத படகையும் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் ஊரைக் கூட்டியிருக்கிறாள். கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள். கரையில் கால் வைத்ததும் அம்மா மணலில் விழுந்து கும்பிட்டார். அண்ணையை நேரே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் அதன் பிறகு மடங்கவில்லை.

அடுத்த வாரம் கடற்றொழிலாளர் சங்கத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். பொம்பிளையளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, மேற்கே கறுக்கும்போது, போதிய லைப் ஜக்கற்றும் இல்லாமல் ஏன் போனீர்கள் என்று கேட்டார்கள். அண்ணை ஆசுபத்திரியில் இருந்தார். அக்காவும் நானும்தான் போயிருந்தோம். தலைவர் என்னைப் பார்த்து, "ரீச்சர், போகலாம் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நான் கேட்டனான். அக்கா ஓம் எண்டவா. அவாவுக்கு ஒருத்தருக்கும் மறுக்கத் தெரியாது."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்திலிருந்த ஒருவர், "கருவாட்டை அள்ளி வச்சிட்டுத்தான் வெளிக்கிட்டிருக்கிறா. கருவாடு நனையக்கூடாது, ஆக்கள் நனையலாமோ?" என்றார். சிலர் சிரித்தார்கள். தலைவர் அக்காவிடம், "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ரீச்சர் சொன்னது சரிதான்" என்றார்.

அதிலிருந்து அக்காவின் மீது அந்தப் பழி நின்றுவிட்டது. அண்ணையின் சகோதரிகள் வீட்டுப் படலைக்கு வந்து, மனுசன்ர கையைத் திண்டவள் என்று கத்திவிட்டுப் போனார்கள். பானை கேட்டு வேலிக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். நான் வெள்ளிக்கிழமையும் மீன் சாப்பிடத் தொடங்கினேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அடுத்த வருடம் கிளிநொச்சிக்கு இடமாற்றம் கிடைத்தது. அக்கா என் பெட்டியைச் சந்திவரை தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினார்.

நாலு வருடம் கழித்து, ஒரு கருத்தரங்குக்காக முல்லைத்தீவுக்குப் போனபோது மனம் கேளாமல் அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி போடக் குசினிக்குள் ஓடினார். அண்ணை விறாந்தையில் கதிரையில் இருந்தார். படகை விற்றாயிற்று, கடலுக்குப் போவதில்லை, கரையில் மீன் சேர்க்கிற ஒரு வாடியில் காவல் இருப்பதாகச் சொன்னார். அந்தக் கையை மற்றக் கைக்குள் வைத்து மூடியிருந்தார்.

"எல்லாம் என்னால வந்தது அண்ணை. அக்காவிட்ட நான் கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

அவர் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ரீச்சர், அவா அண்டைக்கு என்னட்ட வந்து போகவேண்டாம் எண்டவா."

எனக்கு விளங்கவில்லை.

"நான் சாரம் மாத்திக்கொண்டு நிண்டனான். அறைக்குள்ள வந்து கதவைச் சாத்திப்போட்டு, 'ரீச்சருக்கு முகத்துக்கு நேர சொல்ல எனக்கு வாய் வரேல்லை, நீங்கள் போய் ஏலாது எண்டு சொல்லுங்கோ, மேற்கால வருகுது' எண்டவா. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவா. எனக்கும் தெரியும், வருகுது எண்டு. உங்கட அண்ணர் முதல்முதல் வந்திருக்கிறார். மேகத்தைப் பாத்துப் பயந்திட்டான் எண்டு அவர் நினைச்சா? கெதியாப் போய்க் கெதியா வந்திடலாம் எண்டு நினைச்சன். அப்ப நானும் வாறன், அந்தப் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டெண்டாலும் இருப்பன் எண்டு சொல்லித்தான் அவா ஏறினவா."

என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏன் அண்ணை அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லப் போனனான். விடேல்லை."

அக்கா தேத்தண்ணியோடு வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது. தேத்தண்ணித் தட்டை வாங்குப் பலகையில் வைத்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

"ஏன் சொன்னனீங்கள்? நான் உங்களிட்ட எத்தினை தரம் சொன்னனான்?"

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, நான் சங்கத்தில போய்ச் சொல்லுறன். இண்டைக்கே போறன்" என்று எழுந்தேன்.

அக்கா என் தோளைப் பிடித்துத் திரும்ப இருத்தினார்.

"வேண்டாம் ரீச்சர். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. எனக்கு ஆக்கள் ஏசினா நான் குசினிக்குள்ள போயிடுவன். அவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கரையில போய் அந்த ஆக்களுக்கு நடுவில இருக்க வேணும். கையும் போச்சுது, போட்டும் போச்சுது. கடல் தெரிஞ்ச மனுசன் எண்ட பேராவது மிஞ்சட்டும். சத்தியம் பண்ணுங்கோ."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சத்தியம் பண்ணினேன். அவர் முகம் உடனே இளகியது. "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். பிறகு அண்ணையின் கதிரைக்குப் பின்னால் போய் நின்று, அவருடைய கோப்பையை இடது கைப்பக்கமாக நகர்த்தி வைத்தார்.

பின்னேர பஸ்ஸில் என் பக்கத்தில் அந்தக் கரையைச் சேர்ந்த ஒரு பெண் ஏறி உட்கார்ந்தாள். என்ன வேலை, யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஐயோ, அந்த மனுசி வீட்டயோ? நல்ல மனுசி, பாவம். ஆனா அவாவாலதானே அந்த மனுசன் கையை இழந்தது. கடல் தெரிஞ்ச மனுசன், பெண்சாதி சொல்லைத் தட்ட ஏலாமப் போனவர். இவா வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும், என்ன ரீச்சர்?"

பஸ் வட்டுவாகல் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வாங்காமல் விடமாட்டாள் போலிருந்தது.

"ஓம்" என்றேன்.